கருக்கலில் தடுமாறினால் சொல்லிவிடுங்கள்

பொழுது சாய்ந்த பிறகு வீட்டுப் பெரியவர் ஒருவர் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டால், வயதாகிவிட்டது என்போம். பள்ளிக்கூடத்துப் பையன் ஆறு மணிக்கு மேல் விளையாடப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் சமர்த்து என்போம். புது மருமகள் ராத்திரியில் கொல்லைப்பக்கம் போக யாரையாவது துணைக்குக் கூப்பிட்டால் பயந்த சுபாவம் என்போம். மூன்று பேருக்குமே இருட்டில் கண் தெரியாமல் இருக்கலாம் என்பது யாருக்கும் சட்டென்று தோன்றாது. அவர்களும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் எல்லோரும் 'கண் டாக்டர்' என்றே கூப்பிடுவார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், கடைசியில் விட்டுவிட்டேன். கண்ணில் என்ன கோளாறு என்று பார்ப்பதைவிட, அந்தக் கோளாறை மறைக்க ஆள் என்னென்ன வித்தை செய்கிறார் என்று பிடிப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

அந்த வித்தைகளில் சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது அப்படி இருந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியும். சினிமாவுக்குப் போனால் விளக்கு அணைவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவார்கள். நடுவில் எழுந்திருக்க மாட்டார்கள். தெருவில் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட வருகிறவர் தோளில் கையைப் போட்டுக்கொள்வார்கள், ரொம்பப் பாசம் போல. வாசல்படி எத்தனை என்பது அவர்கள் காலுக்கு மனப்பாடமாக இருக்கும். கரண்ட் போனால் இருந்த இடத்தைவிட்டு அசையாமல், 'யாராவது தண்ணி கொண்டாங்கப்பா' என்று அதிகாரம் பண்ணுவார்கள். லாரி ஓட்டுகிற ஒருவர் ராத்திரி லோடையெல்லாம் மற்ற டிரைவர்களுக்கு விட்டுக்கொடுத்து, தங்கமான மனுஷன் என்று பேரே வாங்கியிருந்தார். கண் முகாமில் அவர் கண்ணைப் பார்த்தபோதுதான் அந்தத் தங்கத்தின் காரணம் தெரிந்தது.

1991-இல் 'சின்னத்தம்பி' படம் வந்தது. அதில் கவுண்டமணிக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்ததும் அவர் படுகிற பாட்டைப் பார்த்துத் தியேட்டரே குலுங்கியது. நானும் சிரித்தேன், இன்றைக்கு டிவியில் போட்டாலும் சிரிப்பேன். ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் வரைக்கும் முகாமில் ஒருவரிடம், 'ராத்திரியில கண்ணு தெரியுதா?' என்று கேட்டால் வரிசையில் பின்னால் நிற்கிறவன் சிரிப்பான். கேட்கப்பட்டவர் விறைப்பாக நின்று, 'நல்லாத் தெரியுது சார்' என்பார். கவுண்டமணி மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தவன் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வது அந்தப் படத்துக்கு ரொம்ப காலம் முன்பிருந்தே நம்மிடம் இருக்கிற வழக்கம்தான்.

இருட்டில் தெரியவில்லை என்பது ஒரு அறிகுறி. அதற்குப் பின்னால் பல காரணம் இருக்கலாம். ஒரு காரணம் இரண்டே நாளில் சரியாகிவிடும். இன்னொன்று கண்ணாடி போட்டால் சரியாகும். மற்றொன்றுக்கு அறுவை சிகிச்சை வேண்டும். வேறொன்றை இன்றைய மருத்துவத்தால் அநேகமாகத் திருப்ப முடியாது. வெளியே பார்க்க எல்லாம் ஒரே தடுமாற்றம்தான். வாயைத் திறந்து சொல்லிச் சோதித்துக்கொண்டால்தான் எது என்று தெரியும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் விவரம்.

கண்ணின் உள்திரையில், அதாவது விழித்திரையில், இரண்டு வகை செல்கள் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். பகலுக்கும் நிறத்துக்கும் அவைதான் பொறுப்பு. குச்சி செல்கள் சுமார் 12 கோடி. மங்கல் வெளிச்சத்துக்கு அவை. குச்சி செல்லுக்குள் ரொடாப்சின் என்று ஒரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதையும், இருட்டில் மறுபடி கூடும். அப்படிக் கூடுவதற்கு வைட்டமின் ஏ வேண்டும். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933-இல் கண்டுபிடித்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெயிலிலிருந்து இருட்டான அறைக்குள் வந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்து பிறகு மெள்ள மெள்ளத் தெரிகிறதே, அந்த நேரத்தில் உள்ளே நடப்பது இந்த வேலைதான். முழுசாக முடிய அரைமணி நேரம்கூட ஆகும். ஆகவே திடீரென்று கரண்ட் போனதும் ஒன்றும் தெரியவில்லை என்று யாரும் பதற வேண்டாம். அரைமணி கழித்தும் மற்றவர்களுக்குத் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால்தான் விஷயம்.

ஒரு சின்ன வேடிக்கை. நாம் நேராக உற்றுப் பார்க்கிறோமே, விழித்திரையின் அந்த நடுப்புள்ளியில் குச்சி செல் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். நம் கல்யாணங்கள் பெரும்பாலும் பட்டப்பகலில் நடப்பதால், புரோகிதர் காட்டுகிற பக்கம் மாப்பிள்ளை தலையை ஆட்டுவதோடு சரி. ஒரு நாள் நிஜமாகவே ராத்திரியில் மொட்டைமாடிக்குப் போய் சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் இருக்கிற வசிஷ்டரைப் பிடியுங்கள். அவரை ஒட்டியிருக்கிற மங்கலான புள்ளிதான் அருந்ததி. நேராகப் பார்த்தால் நழுவும். பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினால் பளிச்சென்று தெரியும். இருட்டில் ஓரப்பார்வைக்குத்தான் பலம். பின்னால் ஒரு நோயைப் பற்றிச் சொல்லும்போது இது உங்களுக்கு உதவும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாலைக்கண் என்றால் அது சத்துக்குறைவுதான். அம்மாக்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு, 'பொழுது சாஞ்சா ஒரே இடத்துல குந்திக்கிறான் சார், தட்டுல சோறு வச்சா தரையைத் துழாவுறான்' என்பார்கள். அந்தப் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, மூக்குப் பக்கமாகப் பார்க்கச் சொல்லி, இமையை லேசாக விலக்கினால் வெள்ளைவிழியின் வெளி ஓரத்தில் சின்னதாக ஒரு திட்டு தெரியும். சவர்க்கார நுரை காய்ந்து ஒட்டிக்கொண்ட மாதிரி, வெள்ளையாக, கொஞ்சம் மேடாக. அதைச் சுற்றியுள்ள வெள்ளைவிழி ஈரப்பளபளப்பு இல்லாமல் வறண்டு கிடக்கும். பிட்டாட் திட்டு என்று அதற்குப் பேர். அந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் பிரச்சினை இல்லை. விட்டுவிட்டால் கருவிழி உலர்ந்து, புண்ணாகி, சில நாளிலேயே கரைந்துபோய்விடும். பிறகு எந்த மருந்தும் அந்தக் கண்ணைத் திருப்பித் தராது.

இதில் தட்டம்மை செய்த அநியாயத்தைச் சொல்ல வேண்டும். அம்மை உடம்பில் இருக்கிற வைட்டமின் ஏ-யை உறிஞ்சித் தீர்த்துவிடும். நம் வீடுகளில் அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்குப் பத்தியம் போடுவார்கள். பால் கூடாது, முட்டை கூடாது, வெறும் கஞ்சி. கண்ணில் பூ விழுந்துவிட்டது, அம்மன் குத்தம் என்று முடித்துக்கொள்வார்கள். அம்மனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாளும் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்பது இன்றைக்கு உலகம் முழுக்க உள்ள விதி. சாப்பாட்டைக் குறைக்கவும் கூடாது.

கண்ணோடு இது நின்றுவிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1970-களின் கடைசியில் இந்தோனேசியாவில் ஆல்பிரெட் சோமர் என்கிற கண் மருத்துவர் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். லேசான மாலைக்கண்ணும் பிட்டாட் திட்டும் இருந்த பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியாக நாலு மடங்கு அதிகமாக இறந்துபோனார்கள். பேதியும் அம்மையும் அவர்களைத்தான் சுலபமாகக் கொண்டுபோயின. நம்மூரிலும் அப்படித்தானா என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை சிறு அளவில் வைட்டமின் ஏ கொடுத்த கூட்டத்தில் சாவு பாதிக்கும் கீழே குறைந்தது. 1990-இல் அந்த முடிவு வெளிவந்தது. தடுமாறி நடக்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறவனிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

அரசாங்கம் 1970-லேயே திட்டம் தொடங்கிவிட்டது. இன்றைய முறைப்படி ஒன்பது மாதத்தில் தட்டம்மை ஊசியோடு சேர்த்து ஒரு லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட், ஐந்து வயது வரை மொத்தம் ஒன்பது தடவை. நர்சம்மா அங்கன்வாடியில் கரண்டியால் வாயில் ஊற்றுகிற மஞ்சள் திரவம் இதுதான். இரண்டு மில்லி பிடிக்கிற அந்தக் கரண்டியின் நடுவில் ஒரு கோடு இருக்கும். கைக்குழந்தைக்கு அந்தக் கோடு வரைதான். ஏற்கெனவே மாலைக்கண் வந்துவிட்ட ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு வேளை, மறுநாள் ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து ஒரு வேளை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓரிரு நாளிலேயே ராத்திரிப் பார்வை திரும்பிவிடும். மருத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம் நன்றி வாங்கிக்கொடுக்கிற மருந்து வேறு இல்லை. நான் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் முருங்கைக்காய்தான், அது வேறு விஷயம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ஏழாம் மாதத்துக்கு மேல் சில பெண்களுக்குக் கருக்கலில் கண் மசமசக்கும். மாமியார், 'எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பெத்தா சரியாயிடும்' என்பார். சரியாகத்தான் ஆகும், ஆனால் தாயின் உடம்பில் சத்து இல்லை என்று அடித்துச் சொல்கிற அடையாளம் அது. பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், குழந்தைக்குக் கொடுக்கிற பெரிய டோஸை எடுத்துத் தாயே குடித்துவிடக் கூடாது. அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ வயிற்றில் இருக்கிற கருவுக்கு ஊனம் உண்டாக்கும். கர்ப்பிணிக்குத் தினசரி சிறு அளவில்தான் தருவார்கள், அதுவும் டாக்டர் சொன்னால்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பாட்டிமார்கள் மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுத்தார்களே, அது மூடநம்பிக்கை இல்லை. வைட்டமின் ஏ சேமித்து வைக்கப்படும் இடமே ஈரல்தான். கி.மு. 1500 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் ஏடும் கண்ணுக்கு ஈரலைத்தான் மருந்தாகச் சொல்கிறது. அசைவம் சாப்பிடாதவர்களுக்கு முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, அகத்திக்கீரை, பப்பாளி, பறங்கிக்காய், மாம்பழம், கேரட் எல்லாம் உண்டு. ஆனால் கீரையைத் தண்ணீரில் வேகவைத்து அப்படியே தின்றால் பாதிப் பலன்தான். இந்தச் சத்து கொழுப்பில் கரைகிறது. ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தாளித்தால்தான் உடம்பில் ஒட்டும். முருங்கை இலைப்பொடி செய்கிறவர்கள் வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலில் போடுங்கள். வெயில் அந்தச் சத்தைத் தின்றுவிடும். கடையில் வாங்குகிற பால், எண்ணெய்ப் பாக்கெட்டில் 'பிளஸ் எஃப்' என்ற முத்திரை இருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்று அர்த்தம்.

அதற்காக, நன்றாகச் சாப்பிடுகிற ஆள் கேரட் ஜூஸ் குடித்துக் கண் கூர்மையாகப் போவதில்லை. குறையிருந்தால் நிரம்பும், நிரம்பியதற்கு மேல் ஊற்றினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் கேரட் தின்றுதான் இருட்டில் எதிரி விமானத்தைச் சுட்டார்கள் என்று ஒரு கதை பரவியது. நிஜத்தில் அவர்கள் விமானத்தில் ரேடார் இருந்தது. எண்பது வருஷம் கழித்தும் அந்தக் கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு இளைஞன் வந்து ராத்திரி சரியாகத் தெரியவில்லை என்றால் நான் முதலில் வைட்டமினை நினைக்க மாட்டேன். பவர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பாவை பகலில் சுருங்கியிருக்கும்வரை சின்னக் கிட்டப்பார்வை வெளியே தெரியாது. ராத்திரி பாவை விரிந்ததும் எல்லாம் கலங்கும். முக்கால் பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, 'லைட்டு போட்ட மாதிரி இருக்கு சார்' என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். கண்ணாடி போட்டால் பெண் கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று கழற்றி வைத்துவிட்டு ராத்திரி பைக் ஓட்டுகிறவர்களிடம் என்ன சொல்ல? ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவனுக்கும் பெண் கிடைக்காது.

கண்ணை ஓயாமல் கசக்குகிற பிள்ளைகளுக்குப் பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே போனால், கருவிழி கூம்பிப்போகிற கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் மேலும் கூம்பாமல் நிறுத்தச் சிகிச்சை உண்டு. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில சமயம் ராத்திரிப் பார்வை குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடம்பு இளைக்க வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கும், வசதியான வீட்டிலேயே அந்தப் பழைய வைட்டமின் குறைவு வருகிறது. ஏழைப் பிள்ளைகளைவிட்டுப் போன நோய், இந்த வழியாகப் பெரிய வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

பெரியவர்களுக்கு வேறு காரணம். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். பாவை சுருங்கிவிடும், லென்ஸ் பழுப்பேறிவிடும். ஆகவே அப்பா, தாத்தா அறையில் நல்ல பல்பாகப் போடுங்கள். கரண்டு பில்லை மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல. அதற்கும் மேலே எதிரே வருகிற வண்டி லைட் சிதறிக் கண்ணை அடிக்கிறது என்றால் கண்புரை. லென்ஸ் மாற்றினால் சரியாகிவிடும். அரசு மருத்துவமனையில் காசில்லாமலே செய்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது. சர்க்கரை இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்தே ஆகவேண்டும். சர்க்கரையால் கெட்ட கண்ணுக்கு லேசர் வைத்த பிறகு ராத்திரிப் பார்வை கொஞ்சம் குறையலாம். பார்வையைக் காப்பாற்றக் கொடுக்கிற விலை அது, லேசரைத் தவிர்க்காதீர்கள். விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்து, கூடவே கண் வலி, தலைவலி, வாந்தி என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். கண் அழுத்தம் ஏறினால் அப்படி வரும்.

இனி, சொல்லவே கஷ்டமான ஒன்று. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி. பரம்பரையாக வருவது. குச்சி செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு ஓரப்பார்வை சுருங்கும். நேரே இருப்பது தெளிவாகத் தெரியும், பக்கவாட்டில் ஆள் வந்து நின்றாலும் தெரியாது. இப்படிப்பட்ட பையனை ஊர் எப்படிப் புரிந்துகொள்ளும் தெரியுமா? மைதானத்தில் அந்தி நேரத்தில் பந்து வருவது தெரியாமல் நிற்பான், சோம்பேறி. எதிரே ஓரமாக வந்த மாமாவுக்கு வணக்கம் சொல்ல மாட்டான், திமிர் பிடித்தவன். வாசலில் வைத்த குடத்தை உதைத்துவிடுவான், கவனமில்லாதவன். அப்படி ஒரு பையனை என் எதிரில் ஒரு முழ தூரத்தில் உட்காரவைத்து, என் மூக்கையே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே நடுவே கொண்டுவந்தேன். எனக்குக் காதோரத்தில் இருக்கும்போதே விரல் தெரிகிறது. அவன் கன்னத்தைத் தாண்டி மூக்குப் பக்கம் வந்த பிறகுதான் 'இப்பத் தெரியுது' என்றான். அவன் அப்பா பக்கத்தில் நின்று, 'நல்லாப் பாருடா' என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

உலக அளவில் ஏறக்குறைய நாலாயிரம் பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. நம் பக்கத்தில் சொந்தத்துக்குள் கட்டுவதால் கூடுதலாக வருகிறது. அக்காள் மகள், அத்தை மகன் என்று கட்டும்போது, குடும்பத்தில் ஒளிந்திருக்கிற ஒரே பழுதான மரபணு தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்து சேர்ந்துகொள்ள வாய்ப்பு அதிகம். பெற்றோர் இருவருக்கும் கண் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடுவார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்றுதான். சொத்து வெளியே போகக்கூடாது என்று கட்டிக்கொடுத்தவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்ததுண்டு. நான் சொல்வது என்னவோ, நிலம் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

அதைவிட எனக்கு ஆறாதது, தெரிந்தே மறைத்துக் கல்யாணம் செய்துவைப்பது. பெண் பார்ப்பதைப் பகலில் வைத்துக்கொள்வார்கள், நிச்சயத்தையும் பகலில் வைப்பார்கள். புகுந்த வீட்டில் முதல் வாரத்திலேயே தெரிந்துபோகும். பிறகு அந்தப் பெண் கேட்கிற பேச்சு எல்லாம் 'குருடி' என்பதைவிட 'ஏமாத்திட்டா' என்பதாகத்தான் இருக்கும். மறைத்தது அவள் இல்லை, பெற்றவர்கள். பேச்சு வாங்குவது அவள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படித்திருக்கிறீர்கள். உங்கள் கல்யாணத்தில் உங்கள் வாயால் நீங்களே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் வருகிற ஆள்தான் கூட இருக்கப்போகிற ஆள்.

ஆர்.பி.க்கு மருந்து? ஆர்பிஇ65 என்கிற ஒரே ஒரு மரபணு பழுதானவர்களுக்கு மட்டும் அமெரிக்காவில் 2017 டிசம்பரில் மரபணு சிகிச்சை ஒன்றை அனுமதித்தார்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர் விலை வைத்தார்கள். மற்றவர்களுக்கு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்கிறது. இந்த இடைவெளியில்தான் மூலிகைச் சொட்டு, ஸ்டெம்செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கறக்கிறவர்கள் புகுந்துகொள்கிறார்கள். வீட்டை விற்றுக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காசில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கலாம். பார்வை போவது பெரும்பாலும் வருஷக்கணக்கில் மெதுவாகத்தான். அந்தக் காலத்தில் படித்து, கோல் பிடித்து நடக்கப் பழகி, ஃபோனில் எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் கற்றுக்கொண்டு, ஊனச் சான்றிதழ் வாங்கி, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் தருகிற நாலு சதவிகித இடஒதுக்கீட்டில் அரசு வேலைக்கே போனவர்கள் உண்டு. முன்னதாகத் தெரிந்துகொண்டவர்களால்தான் அது முடிந்தது. காதும் மந்தமாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வருகிற வகை ஒன்று உண்டு. பிறந்ததிலிருந்தே இருட்டில் தெரியாது, ஆனால் வயதோடு கூடாது என்கிற வகையும் ஒன்று இருக்கிறது. அதை ஆர்.பி. என்று நினைத்து வாழ்நாள் முழுக்கப் பயந்து கிடந்தவர்களும் உண்டு.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நாலு வார்த்தை. ராத்திரிக்கு என்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள். சோதித்துப் பார்த்ததில் பலனில்லை என்று தெரிந்துவிட்டது, காசு தண்டம். ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் மாற்றுங்கள். கருப்புக் கண்ணாடி ராத்திரிக்கு வேண்டவே வேண்டாம். எதிர் லைட் அடித்தால் அதை முறைக்காமல் இடது பக்க ரோட்டோரத்தைப் பாருங்கள். இருட்டில் நின்று ஃபோனை நோண்டிவிட்டு உடனே கிளம்பாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, 'கண்ணு சரியில்லை' என்று மட்டும் சொல்லி உட்காராதீர்கள். வைட்டமின் குறைவுள்ள பிள்ளையும், ஆரம்ப ஆர்.பி. உள்ள பையனும் பகல் வெளிச்சத்தில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கார்டில் ஆறுக்கு ஆறு, அதாவது பார்வை சரி, என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. 'இருட்டில் தெரியவில்லை, இன்ன காலமாக இப்படி இருக்கிறது, வீட்டில் இன்னாருக்கும் இருக்கிறது, அப்பாவும் அம்மாவும் சொந்தம்' என்று சொன்னால்தான் உள்ளே திரையைப் பார்ப்பார்கள், ஓரப்பார்வையை அளப்பார்கள், தேவைப்பட்டால் விழித்திரையின் மின்துடிப்பைப் பதிகிற ஈஆர்ஜி எடுப்பார்கள். பழைய கண்ணாடி, சர்க்கரை ரிப்போர்ட், சாப்பிடுகிற மாத்திரையெல்லாம் எடுத்துப் போங்கள், பரு மாத்திரை உட்பட. பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். நாலைந்து மணி நேரம் கூசும், எழுத்துக் கலங்கும். அன்றைக்குப் பைக்கில் போகாதீர்கள், கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள்.